திருக்கைத்தோல் செருப்பும் மச்சானின் இரும்பும்

என் மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிய மனதுக்காரர்களின் நினைவுகளைப் படித்து நெகிழ விரும்புகிறவர்கள் வேறு யாருடையதையாவது எடுத்துக்கொள்ளலாம். என்னுடையது சின்ன மனது. ஒரு ஆள், அவர் மேல் ஒரு கோபம். அதற்கு மேல் அதில் இடம் கிடையாது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கோட்டை லாயத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். மனதுக்குள் வேறு மாதிரி.

நான் அதே லாயத்தில் கடிதப் பை சுமக்கும் குதிரைக்காரன். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன் குதிரை மேல் எப்படி ஏறினேன் என்று கேட்பீர்கள். கட்டுமரம் முதல் அலையைத் தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். பழகினால் சரியாகும் என்று என் நைனா என்னைப் பல பருவம் கடலுக்கு இழுத்துப் போனார். நான் போன நாட்களில் எங்களுக்கு மீன் கிடைத்ததோ இல்லையோ, மீனுக்குத் தீனி கிடைத்தது. கடைசியில் அவரே என்னைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சாமி, இத்த ஏதாச்சும் தரைல நிக்கிற வேலைல போடுங்க" என்றார். 'இத்த' என்று அவர் சொன்னது என்னை.

லாயத்தில் சாணி அள்ளினேன். பிறகு குதிரை தேய்த்தேன். பிறகு ஒரு நாள் கடிதம் கொண்டுபோகிறவனுக்குக் காய்ச்சல் வர, பை என் தோளுக்கு வந்தது. குதிரை மேல் எனக்கு வாந்தி வரவில்லை. அதைவிடப் பெரிய தகுதி எதுவும் என்னிடம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

எனக்குக் கொடுத்த குதிரை ஒரு செவலைப் பெட்டை. கப்பலில் வந்தபோதே இளைத்து எலும்பாக வந்ததால் துரைமார் யாருக்கும் வேண்டாமல் போனது. அதன் காலில் இரும்பு கிடையாது. நானும் வெறுங்கால், அதுவும் வெறுங்கால். ஈர மணலில் அது ஓடினால் கையால் மாவு தட்டுகிற மாதிரி ஒரு மெத்தென்ற சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் நான் தூங்கியே விடுவேன். பல தடவை தூங்கியபடியே சாவடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். புத்தி அதனுடையது. சம்பளம் என்னுடையது.

சாவடி என்பது ஏரிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற தீவின் வடகோடியில் இருக்கிறது. கப்பல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு அங்கே சிலர் உட்கார்ந்திருப்பார்கள். கோட்டையிலிருந்து அங்கே கடிதம் போகவேண்டும். மழைக்காலத்தில் படகு போகும். வெயில் காலத்தில் ஏரி வற்றிப்போய்ப் படகு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் குதிரைக்கு வேலை. மேற்குக் கரையோரமாகச் சரளைப் பாதையில் வடக்கே நெடுந்தூரம் போய், தண்ணீர் முழங்காலுக்கு நிற்கிற இடத்தில் ஏரியில் இறங்கி, குறுக்கே கடந்து தீவில் ஏறவேண்டும். விடியலில் கிளம்பினால் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் குதிரை மாற்றுவதற்கு இடமில்லை. அதே நாலு கால்தான், சரளைக்கும் அதுதான், சேற்றுக்கும் அதுதான்.

மச்சானுக்குச் செவலையின் வெறுங்கால் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. உலாந்தாக்காரக் கொல்லனிடம் லாடம் அடிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு உலகத்தில் இரண்டு வகைக் கால்கள்தான் உண்டு. இரும்பு அடித்தது, இனிமேல் அடிக்கப்போவது.

"மாப்ள, அந்தக் குதிரய அம்மணமா இட்டுகினு போறியே, உனுக்கு வெக்கமா இல்ல?" என்பார்.

"நானும் வெறுங்கால்லதான் கீறேன் மச்சான். எனுக்கும் அடிச்சி உடேன்."

"உனுக்கு அடிக்கணும்னா தலைல அடிக்கணும்."

இதெல்லாம் சிரித்துக்கொண்டே பேசிய பேச்சு. சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் திருப்பாலைவனம் போயிருந்தபோது அவர் சிரிப்பை விட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்துவிட்டார். நான் திரும்பி வந்து லாயத்தில் பார்த்தால் செவலையின் முன்னங்கால் இரண்டிலும் புது இரும்பு பளபளக்கிறது. செவலை இடது காலைத் தரையில் ஊன்றாமல் நுனியில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. என்னைப் பார்த்துக் கனைக்கக்கூட இல்லை.

நான் லாடத்தைப் பிடுங்கினேன். குளம்பின் ஓரத்து ஓடு நகம் மாதிரி. அங்கே ஆணி இறங்கினால் வலிக்காது. உள்ளே இருப்பது உயிர்ச்சதை. ஒரு ஆணி அந்தச் சதைக்குள் போயிருந்தது. ஆணியை உருவினதும் பின்னாலேயே கறுப்பாகச் சீழ் வந்தது. ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"மச்சான், ஆணி உள்ள எறங்கிச்சு."

அவர் துருத்தியை விட்டுத் திரும்பவேயில்லை. "அது நீ மட்டி ஓட்டு மேல ஓட்டிகினு போனதுல வந்தது. ஆணி இன்னா பண்ணும் பாவம்."

அதையே அவர் லாயத்துத் துரையிடம் போய்ச் சொன்னார். நான் போவதற்கு முன்பே சொல்லிவிட்டார். துரைக்குத் தமிழ் தெரியாது, துபாஷி வாயால்தான் பேசுவார். துபாஷி எனக்குச் சொன்னது இவ்வளவுதான். கடிதப் பை இனிமேல் மச்சானுக்கு, அவர் பெரிய சாம்பல் குதிரையில் போவார். செவலையை அடுத்த வெயில் காலம் வரை நான் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் நொண்டல் போகாவிட்டால் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிவிடுவார்கள்.

காளவாய் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டாம். ஏரியில் அள்ளிய மட்டி ஓட்டை மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்துகொண்டு போய்ச் சூளை வாயில் கொட்டவேண்டும். அங்கே தரையெல்லாம் சுண்ணாம்பு. ஈரம் பட்டால் காலைத் தின்றுவிடும். அங்கே போன மாடுகளைப் பார்த்திருக்கிறேன். போன குதிரை எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே குப்பத்தில் ஒரு காதுகுத்து. சோற்றுப் பந்தியில் மச்சான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மாப்ள கடல்லயும் கவுத்துட்டாரு, தரைலயும் கவுத்துட்டாரு. மிச்சம் ஆகாசம்தான் கீது. அங்க ஏறினா நாம யாரும் கீழ நிக்காம இருந்தா நல்லது" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவன் சாம்பாரைக் கீழே ஊற்றிவிட்டான். நல்ல கிண்டல்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். நானே சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அன்றைக்கு ராத்திரி அதையே திரும்பத் திரும்ப மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் பல் கொஞ்சம் இறுகியது.

நான் பழிவாங்குவதற்காகவே பிறந்தவன் இல்லை. அதற்குத் தேவையான உடம்பும் கிடையாது. ஆனால் பழிவாங்குவதற்கு ஒரு நன்மை உண்டு. அது காலையில் எழுப்பிவிடும்.

செவலையின் காலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைத்துக் கட்டினேன். சீழ் நின்றது. புது ஓடு மேலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து வந்தது. ஆனால் அது மெத்தென்று இருந்தது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. இந்தக் காலோடு சரளையில் போனால் சாவடி வரைக்கும் எதுவும் மிஞ்சாது.

அப்போதுதான் எங்கள் குப்பத்தில் வலைக்குச் சாயம் போடுகிற நாள் வந்தது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் வலையை முக்கி எடுப்பார்கள். நூல் கறுத்து இறுகி, உப்புத் தண்ணீரில் அழுகாமல் நிற்கும். சாறு பட்ட கையும் அப்படித்தான், தோல் தடித்துவிடும். எனக்குப் பளிச்சென்று பட்டது. நான் கூச்சத்தை விட்டுவிட்டு ஊர்த் தலைவரான நாட்டாரிடம் போய் நின்றேன்.

"வலை முக்கி முடிஞ்சதும் மிச்ச சாத்துல குதிரக்கால முக்கிக்கட்டுமா நாட்டாரே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடா பேஜாரு இது. வலை போட்டு மீன் புடிப்பாங்க. நீ குதிரய சாயம் போட்டு இன்னா புடிக்கப் போற?"

"எங்க மச்சானத்தான்."

நாட்டார் சாயத் தொட்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஒரு மச்சான் இருந்தார். "ஓரமா நின்னு முக்கிக்க. தொட்டில சாணி உழுந்துச்சின்னா உன்ன முக்கிருவேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாய நாளும் செவலை அண்டாவில் கால் வைத்து நின்றது. குப்பத்துப் பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாக்கா, அதுக்கு எப்ப கல்யாணம்? மருதாணி போட்டுகினு நிக்குது" என்று என் மனைவியிடம் கேட்டார்கள். குளம்பு கருங்காலிக் கட்டை மாதிரி கறுத்தது. காய்ந்த மட்டி ஓட்டுக் குவியல் மேல் தினமும் அதை நடத்தினேன். முதலில் முகம் சுளித்தது. பிறகு சுளிக்கவில்லை. நான்தான் வெறுங்காலோடு கூட நடந்து இன்றுவரை சுளித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தச் சண்டையில் அவள் நிலைமைதான் மோசம். அந்தப் பக்கம் கூடப்பிறந்தவர், இந்தப் பக்கம் நான். சோறு போடும்போது ஒரு நாள் கேட்டாள்:

"யோவ், மெய்யாலுமே எங்கண்ணன் ஆணிதான் உள்ள போச்சா?"

நான் எடுத்து வைத்திருந்த ஆணியைக் காட்டினேன். நுனி வளைந்து இருந்தது. அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய், பரணில் காய்ந்து கிடந்த திருக்கைத் தோலை எடுத்து வந்தாள். திருக்கைத் தோல் அரம் மாதிரி சொரசொரப்பு, கல்லில் தேய்த்தாலும் கிழியாது.

"சரளைல போறப்ப இது மாட்டு. தண்ணில எறங்கறப்ப கழட்டிரு" என்றாள். வலை பின்னுகிற ஊசியால், வலைக் கயிற்றால், இரட்டைத் தோல் வைத்து, உள்ளே தேங்காய் நார் அடைத்து, செவலையின் முன்னங்கால் இரண்டுக்கும் செருப்பு தைத்துக் கொடுத்தாள். ஊசியை மட்டும் கொஞ்சம் வேகமாகக் குத்தினாள்.

வெயில் காலம் வந்தது. ஏரி வற்ற ஆரம்பித்தது. நொண்டல் போய்விட்டது என்று நான் லாயத்தில் சொன்னேன். மச்சான், "நின்ன எடத்துல எந்தக் குதிரயும் நொண்டாது. சாவடி வரைக்கும் போய்ட்டு வரட்டும் பாக்கலாம்" என்றார். துரைக்கு அது பிடித்துவிட்டது. முக்கியமான கடிதத்தை இரண்டு படி எழுதி, இரண்டு ஆளிடம் தனித்தனியாக அனுப்புவது கோட்டையில் வழக்கம். ஒன்று தொலைந்தாலும் ஒன்று போய்ச் சேரும். ஒரு படியை மச்சானிடமும் ஒரு படியை என்னிடமும் கொடுத்தார்கள். துபாஷி சொன்னார்:

"யாரு மொதல்ல சாவடி முத்திரைய வாங்கினு வராங்களோ, பை அவங்களுக்கு. செவலை பிந்திச்சின்னா நாளைக்கே காளவாய்க்குப் போவுது."

விடியலில் கிளம்பினோம். சாம்பல் குதிரை உயரமான குதிரை. சரளைப் பாதையில் அதன் இரும்பு பட்டு டங் டங்கென்று கோயில் மணி மாதிரி சத்தம். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், சரளைக்கு இரும்புதான் சரி. அது பாட்டுக்குக் கல்லை மிதித்துக்கொண்டு போயிற்று. எங்களுக்கோ திருக்கைத்தோல். அதில் ஒரு கஷ்டம் இருந்தது, நானும் என் மனைவியும் யோசிக்கவேயில்லை. அது மீன் வாடை அடிக்கும். முதல் ஊரைத் தாண்டுவதற்குள் நாய்கள் பின்னால் வர ஆரம்பித்தன. அடுத்த ஊரில் இன்னும் சேர்ந்துகொண்டன. நான் ஒரு ஊர்வலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தேன்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "இன்னா மாப்ள, குதிர கால்ல கொழம்பு வச்சிகினு போறியா?"

"ஆமாம் மச்சான். பசிச்சா நில்லு, ஒரு வாய் தரேன்."

அவர் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே குதிரையைத் தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் புழுதி மட்டும்தான் தெரிந்தது. வலது செருப்பின் கட்டு ஒரு தடவை அவிழ்ந்தது. இறங்கி, நாய்களைத் துரத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஏறினேன். கடலில் நான் எதற்கும் உதவாதவன். ஆனால் முடிச்சு போடுவேன். அன்றைக்கு என் நைனா என்னைக் கடலுக்கு இழுத்துப் போனதில் ஏதோ ஒரு பயன் இருந்ததாகப் பட்டது.

ஏரியில் இறங்குகிற இடத்துக்கு நான் போனபோது மச்சான் அங்கே ஒரு மரத்தடியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்காகக் காத்திருந்தார். ஜெயிப்பதைவிட, ஜெயிப்பதை நான் பார்க்கவேண்டும் என்பது அவருக்கு முக்கியம்.

இங்கே எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஏரியில் மீன் பிடிக்கிற இடத்தை நாங்கள் பாடு என்போம். எந்தக் குப்பத்துக்கு எந்தப் பாடு என்பது நிலையானது இல்லை. சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவரவர் பாட்டில் வலை கட்ட வரிசையாகக் கழி ஊன்றியிருப்பார்கள். எங்கள் குப்பத்துக் கழியின் தலையில் பனை மட்டை கட்டியிருக்கும். வடக்குக் குப்பத்துக் கழியில் பழந்துணி. கலங்கிய தண்ணீரில் தரை தெரியாது, ஏரி கடக்கிறவர்கள் கழியைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். பல வருஷமாக எத்தனை சீட்டுப் போட்டாலும் எங்கள் குப்பத்துக்கு விழுந்துகொண்டிருந்தது மணல் பாடு. கெட்டித் தரை, மாடு ஓட்டிக்கொண்டு போகலாம். இந்த முறை சீட்டில் அது வடக்குக் குப்பத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு விழுந்தது களிப் பாடு. இறால் கிடைக்கும், ஆனால் தரை பசை மாதிரி. சீட்டுப் போட்டபோது நான் அங்கே இருந்தேன். உபயோகமில்லாத ஆள் என்பதால் சீட்டுப் பானையை என் கையில்தான் கொடுத்திருந்தார்கள். மச்சான் அப்போது பட்டறையில் இரும்பு காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் ஊர்க்கூட்டத்துக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அவர் எழுந்து நின்று, பனை மட்டை கட்டிய கழி வரிசையைக் கையால் காட்டினார்.

"தோ பாரு, நம்ம குப்பத்து கழி. நம்ம மணல். இங்க எறங்கினா நேரா அந்தாண்ட ஏறிடலாம். இன்னா, சரிதானே?"

கேட்டார் என்றுதான் சொல்லவேண்டும். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். என் வாயில் பதில் தயாராக இருந்தது. அதே நேரத்தில் அந்தக் காதுகுத்துப் பந்தியும், கவிழ்ந்த சாம்பாரும், காலை ஊன்றாமல் நின்ற செவலையும் ஞாபகம் வந்தன. அந்தக் களி ஆளை விழுங்காது, முழங்காலுக்கு மேல் போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

"உனுக்குத் தெரியாததா மச்சான்" என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுண்டு.

அவர் குதிரையேறி, அந்தக் கழி வரிசைப் பக்கமாகத் தண்ணீரில் இறங்கினார். நான் கீழே உட்கார்ந்து, செவலையின் செருப்புகளைக் கழற்றி, கயிற்றால் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். நாய்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டன. நான் கொஞ்சம் தள்ளிப் போய், பழந்துணி கட்டிய கழிகளின் பக்கமாக இறங்கினேன். தண்ணீருக்குக் கீழே கெட்டி மணல். செவலையின் கறுத்த குளம்பு அதில் சுகமாகப் பதிந்து எழுந்தது.

எங்கள் குப்பத்து ஆட்கள் சிலர் வலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் வருவதைப் பார்த்து ஒருவன் கத்தினான்:

"அண்ணே! அண்ணே! அது களிண்ணே! இந்த வாட்டி நம்மளுது களி!"

"போடா! நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இது நம்ம மணலு!"

"மாத்திட்டாங்கண்ணே!"

அதற்குள் சாம்பல் குதிரை முழங்கால் வரை இறங்கிவிட்டது. அது காலை இழுத்தது. ஒரு சத்தம் கேட்டது, குழந்தை தாய்ப்பாலை விட்டு வாயை எடுக்கிற மாதிரி, ஆனால் பெரிதாக. கால் வந்துவிட்டது, இரும்பு வரவில்லை. அடுத்த காலிலும் அதே சத்தம். வலைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

ஆணிகளோடு குளம்பின் ஓடும் கிழிந்துவிட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அதில் அந்தக் குதிரைக்காக மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. அது என்ன பண்ணும்.

நான் சாவடிக்குப் போய், முத்திரை வாங்கி, அவர்கள் கொடுத்த கூழைக் குடித்து, செவலைக்குப் புல்லும் நிழலும் காட்டிவிட்டுத் திரும்பினேன். வந்த வழியாகவே வந்து கரை ஏறினால், அதே மரத்தடியில் மச்சான். இடுப்பு வரைக்கும் களி காய்ந்து வெடித்திருந்தது. சாம்பல் குதிரை ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வலைக்காரர்கள்தான் அவரை மேற்குக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள். அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் குதிரையைப் பார்த்தேன், மச்சானைப் பார்க்கவில்லை. குளம்பின் ஓரம் பிய்ந்திருந்தது. சரளையில் இப்படியே கூட்டிக்கொண்டு போனால் அது வழியிலேயே விழுந்துவிடும்.

மச்சான் மெதுவாக என் பக்கம் வந்தார். "மாப்ள. தொரைக்கு இந்த குதிர மேல உசுரு. லாடம் போச்சுன்னு தெரிஞ்சா பட்டறைய புடுங்கிருவாரு. வழில பாறைல கால் மாட்டிச்சின்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே பொய். கால் மட்டும்தான் வேறு.

"சொல்றேன் மச்சான். அதுக்கு முன்னாடி நீ ஒன்னு சொல்லு. செவலை கால் எதனால போச்சு?"

அவர் வலைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"ஆணி" என்றார்.

"காத்து சத்தம் மச்சான், கேக்கல."

"ஆணி உள்ள எறங்கிச்சு."

"யாரு அடிச்ச ஆணி?"

"நான் அடிச்சது. போதுமா? நான் அடிச்ச ஆணி, தெரிஞ்சேதான் தொரைகிட்ட மட்டி ஓடுன்னு சொன்னேன். போதுமா உனுக்கு?"

போதவில்லை. ஆனால் குதிரை காத்துக்கொண்டிருந்தது. என் கழுத்தில் கிடந்த திருக்கைத்தோல் செருப்புகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "சாம்பலுக்குக் கட்டு. செவலைக்கு வேணாம், அது கால் எறுகிப் போச்சு." அவருக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குதிரைக்குப் பாவம் பார்த்து நானே கட்டினேன்.

அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். நாய்கள் இந்த முறை அவரோடு வந்தன. காலையில் வந்தவையும் புதிதாகச் சில உறவினரும். பழவேற்காட்டுக்குள் நுழைந்தபோது கடைத்தெருவில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள்.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். துரையிடம் மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாறை என்றே சொன்னேன். மறுநாள் காலையில் வலைக்காரர்கள் கோட்டைக்கு இறால் கொண்டுவருவார்கள் என்பதும், சமையற்கட்டுக்குப் போகிற வழி லாயத்தைத் தாண்டித்தான் போகிறது என்பதும், துபாஷிக்கு இறால் என்றால் பிரியம் என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். நான் அவர்களுக்கு அதை ஞாபகப்படுத்த மட்டும் செய்தேன்.

மத்தியானத்துக்குள் ஆணிக் கதையும் களிக் கதையும் இறாலோடு சேர்ந்து துபாஷிக்குப் போய்விட, துரை கூப்பிட்டு அனுப்பினார். பாறை எங்கே இருக்கிறது என்று என்னையும் ஒரு கேள்வி கேட்டார். நான் ஏரிப் பக்கமாகக் கை காட்டினேன். துபாஷி இருமினார். துரைக்கு நான் காட்டிய திசையில் பாறையே இல்லை என்று தெரிந்திருக்கவேண்டும், என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் விட்டுவிட்டார். பை என்னிடம் வந்தது. செவலை லாயத்தில் பழைய இடத்துக்கு வந்தது, காளவாய்ப் பேச்சு அன்றோடு நின்றது. பட்டறையை மச்சானிடமிருந்து பிடுங்கவில்லை, ஏனென்றால் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. ஆனால் துரை ஒரு உத்தரவு போட்டார். ஏரி தாண்டுகிற குதிரைக்கு இனிமேல் இரும்பு கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை மச்சானே வந்து செவலையின் குளம்பை அரத்தால் தேய்த்துச் சீர்ப்படுத்தவேண்டும். அது சரியாக இருக்கிறதா என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

பார்க்கிறேன். அவர் தரையில் குந்தி, குதிரையின் காலைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். நான் தீவனத் தொட்டியின் விளிம்பில் வசதியாக உட்கார்ந்துகொள்வேன். செவலைக்கு யார் என்று தெரியும். தன் பாரத்தில் பாதியை அவர் தோள் மேல் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். அவர் வேலை சுத்தமாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்வேன்.

"எடது பக்கம் கொஞ்சம் மேடா கீது மச்சான்."

இடது பக்கம் சரியாகத்தான் இருக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் தேய்ப்பார்.

"இப்ப வலது பக்கம்."

போன அமாவாசைக்கு அவர் போன பிறகு என் மனைவி லாயத்து வாசலில் வந்து நின்றாள். அண்ணனுக்கு முதுகு வலிக்கிறதாம், அண்ணி சொல்லி அனுப்பினாளாம்.

"யோவ், உனுக்கு இன்னும் மனசு ஆறலயா? இன்னும் எத்தினி நாளிக்குத்தான் அவர இப்டி குந்த வெச்சிகினு இருப்ப?"

நான் செவலையின் காலைத் தூக்கிப் பார்த்தேன். கறுத்து, ஒழுங்காக, வட்டமாக இருந்தது. மேலே ரோமம் முடிகிற இடத்தில் புது ஓடு ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருந்தது.

"குளம்பு வளர்றது நிக்கிற வரைக்கும்" என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். நான் மறுபடி குனிந்து, இடது பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தேன்.